நிச்சயதார்த்தப் படங்களுக்கு என்ன உடுத்துவது? வடசென்னைத் தையற்கடையிலிருந்து ஒரு வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜாக்கெட் தைப்பது என் தொழில். நிச்சயதார்த்தம் முடிந்த வீட்டுப் பெண்கள் ஆல்பத்தைக் கடைக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். கண்ணாடி முன்னால் அசத்திய புடவை படத்தில் ஏன் சோர்ந்து கிடக்கிறது, இங்கே பக்கத்து எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைகளில் சாதாரண விலைக்கு எடுத்தது ஏன் எடுப்பாக இருக்கிறது என்பதெல்லாம் அந்த ஆல்பங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டவை. முதன்முறையாக இந்த வேலையில் இறங்கும் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும், எதை எதற்குப் பின் செய்ய வேண்டும் என்ற வரிசையில் எழுதுகிறேன். வரிசை தப்புவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. முதலில் புடவை எடுக்கிறார்கள், அப்புறம் மண்டபம், அப்புறம் மேடை அலங்காரம், புகைப்படக்காரர் கடைசி. படம் நன்றாக வர வேண்டுமானால் இதைத் தலைகீழாக ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் இடமும் நேரமும்

மண்டபத்தில் எடுக்கும் படங்கள் வேறு, இருவரும் வெளியே போய் எடுத்துக்கொள்ளும் படங்கள் வேறு. இரண்டுக்கும் ஒரே உடை சரிப்படாது.

மண்டபம் என்றால், மேடை அலங்காரம் செய்பவரிடம் பின்திரையின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். அரக்குத் திரைக்கு முன்னால் அரக்குப் புடவை கட்டினால், முகமும் கையும் மட்டும் தனியாகத் தெரியும். தங்க நிற ஜிகினாத் திரை என்றால் சந்தன நிறமும் தேன் நிறமும் அதில் கரைந்துவிடும். திரையை விட முக்கியமானது விளக்கு. ஊதாவும் ரோஸும் மாறி மாறி அடிக்கும் எல்.இ.டி. விளக்குகளை அலங்காரக்காரர்கள் ஆசையாகப் போடுகிறார்கள். அந்த ஒளியில் பச்சைப் புடவை கறுத்துப்போகும், தோலும் நோய்க்களை தட்டும். தட்டு மாற்றும்போதும் மோதிரம் போடும்போதும் வெள்ளை விளக்கு மட்டும் எரியட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதற்குப் பைசா செலவில்லை, ஆனால் யாரும் சொல்வதில்லை.

வெளியே எடுப்பதென்றால் நம் பக்கத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு உடையைக் கேட்கும்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பின்னணியே வண்ணக் களஞ்சியம். படகுகளின் நீலமும் பச்சையும், குவிந்து கிடக்கும் வலைகளும், கொடிகளும் போதாதென்று நீங்களும் பூப்போட்ட துணியில் போய் நின்றால் கண் எங்கே போவதென்று தெரியாமல் தடுமாறும். அங்கே ஒரே நிற உடைதான். மாம்பழ மஞ்சள், வெள்ளை, வெங்காயத்தோல் நிறம் எல்லாம் நன்றாகப் பிரிந்து தெரியும். விடியற்காலையில் ஏலம் நடக்கும், தரை முழுக்க மீன் தண்ணீர். பட்டுக்கரை அதில் பட்டால் நாற்றம் எளிதில் போகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் வரிசையாக நிற்கும், ஏலச் சந்தடியும் குறைந்திருக்கும். படத்துக்கு நல்ல காலம்தான். ஆனால் அதற்குள்தான் கத்திரி வெயிலும் வருகிறது. காலை ஏழரைக்குள் முடித்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். வேலை செய்கிறவர்களின் இடம் அது என்பதையும் மறக்க வேண்டாம். வலை பின்னிக்கொண்டிருப்பவரை நகரச் சொல்லிவிட்டுப் படம் எடுப்பது அழகல்ல.

எண்ணூர் முகத்துவாரம் இதற்கு நேர்மாறு. கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தில் தண்ணீர், மணல், தொலைவில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் என்று எல்லாமே சாம்பலும் பழுப்புமாக இருக்கும். இளநீலமும் சாம்பல் நிறமும் இங்கே எடுபடாது. அரக்கு, வாடாமல்லி, கடுகு மஞ்சள் மாதிரி ஆழமான நிறம் ஒன்று போதும், படம் நிமிர்ந்துவிடும். சேறு உண்டு, ஆகவே தரையைப் பெருக்கும் லெஹங்கா வேண்டாம்.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கரையில் பல இடங்களில் மணலே கிடையாது, அலைத்தடுப்புப் பாறைகள்தான். குதிகால் செருப்போடு அதில் ஏறுகிறேன் என்று யாரும் அடம்பிடிக்கக் கூடாது. தட்டையான செருப்பு, கணுக்கால் தெரியும் உயரத்தில் உடை.

1856 இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தின் தூண்கள் பலருக்கும் ஆசை. ரயில்வே அனுமதி இல்லாமல் பெரிய கேமராவோடு உள்ளே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மெட்ரோ நிலையங்களும் அப்படியே. அனுமதி கிடைத்த பிறகு உடையைப் பற்றி யோசித்தால் போதும்.

நம் கடற்கரை கிழக்கு பார்த்தது. காலையில் கடலைப் பார்த்து நின்றால் ஒளி முகத்தில் விழும், பின்னணியில் ஊர் இருக்கும். கடலைப் பின்னால் வைத்தால் ஒளி முதுகுப் பக்கம் இருக்கும், முகம் இருண்டுபோகும். ஆனால் அந்த ஒளியில் மெல்லிய ஜார்ஜெட் முந்தானையோ துப்பட்டாவோ விளக்குப் போல ஒளிரும். கனமான பட்டு வெறும் கறுப்பு உருவமாகத் தெரியும். கடல்தான் பின்னணியாக வேண்டும், பட்டும்தான் கட்ட வேண்டும் என்றால் மாலை நான்கரைக்கு மேல் போங்கள், மேற்கு வெயில் நேராக உங்கள் மேல் விழும். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும்பிவிடும். மாலையில் போகிறவர்கள் முந்தானையை மடித்துக் குத்தாமல் போனால் பாதிப் படங்களில் முகத்தைத் துணிதான் மறைத்திருக்கும்.

உடை மாற்ற இந்த இடங்கள் எதிலும் வசதி கிடையாது. மூன்று உடை, நான்கு உடை என்று திட்டம் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகும் ஓர் உடை, மேலே மாற்றிக்கொள்ள ஒரு துப்பட்டா, மாப்பிள்ளைக்கு இன்னொரு சட்டை.

மாப்பிள்ளை வீட்டுப் புடவை

நம் பக்கத்துப் பல வீடுகளில் பெண் ஒரு புடவையில் மேடைக்கு வருவாள். தாம்பூலத் தட்டு மாற்றிய பிறகு, மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த நிச்சயப் புடவையைக் கட்டிக்கொண்டு மறுபடி வருவாள். மோதிரம், மாலை, நலங்கு, பெரியவர்கள் ஆசீர்வாதம் என்று ஆல்பத்தின் பெரும்பகுதி இந்த இரண்டாவது புடவையில்தான். அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் மாமியாரிடமும் நாத்தனாரிடமும் இருக்கிறது. பெண் தன் பணத்தையெல்லாம் முதல் புடவையில் கொட்டுவது வீண்.

அதனால் சம்பந்தி வீட்டாரிடம் கூச்சப்படாமல் இரண்டு விஷயம் பேசிவிட வேண்டும். புடவை எடுக்கப் போகும்போது பெண்ணையும் கூட்டிப்போக முடியுமா என்பது ஒன்று. எம்.சி. ரோடோ காஞ்சிபுரமோ, பெண் தோளில் போட்டுப் பார்க்காத புடவை சீட்டுக் குலுக்கல்தான். இரண்டாவது, எடுத்த புடவையை விழாவுக்கு முன்பே பெண் வீட்டுக்கு அனுப்புவது. ஜாக்கெட் துணி அந்தப் புடவையோடுதான் வருகிறது. அதை வெட்டித் தைத்து, ஃபால்ஸ் வைத்து, முந்தானைக் குஞ்சம் கட்டி, மறுபடி அவர்களிடமே கொடுத்துத் தட்டில் வைக்கச் சொன்னால் சம்பிரதாயமும் கெடாது, பெண்ணும் பொருந்தாத ஜாக்கெட்டில் நிற்க வேண்டியிருக்காது. "தட்டில் வைத்த பிறகுதான் தொட வேண்டும்" என்று பிடிவாதம் பிடிக்கும் அத்தை எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவர்களுக்காக ஜாக்கெட் துணியை மட்டுமாவது முன்கூட்டி வெட்டி வாங்கிவிடுங்கள்.

நிறம்

கடைக்காரர் "கறுப்பாக இருக்கிறவர்களுக்கு இந்த நிறம் எடுக்காது" என்று ஆரம்பித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் ராமர் பச்சை, அரக்கு, மயில்கழுத்து, வாடாமல்லி, மாம்பழ மஞ்சள் எல்லாம் படத்தில் அள்ளிக்கொண்டு போகும். சிக்கல் வருவது இப்போது எல்லோரும் விரும்பும் வெளிர் நிறங்களில்தான். மிக வெளிறிய துணியும் கருநிறத் தோலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், கேமரா துணிக்கு ஒளியைச் சரிசெய்தால் முகம் மங்கும், முகத்துக்குச் சரிசெய்தால் துணியில் ஒரு வேலைப்பாடும் தெரியாமல் வெளுத்துப்போகும். வெளிர் நிறம்தான் வேண்டுமென்றால் ஆழ்ந்த நிறக் கரையும் அதே நிற ஜாக்கெட்டும் உள்ளதாக எடுங்கள். முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது ஜாக்கெட், அது பார்த்துக்கொள்ளும்.

முகப்பூச்சுக்காரர் இரண்டு படி வெளுப்பாக்கினால் நிறத் தேர்வு முழுக்கக் கெட்டுவிடும். மோதிரம் போடும் படத்தில் முகமும் கையும் ஒரே சட்டத்துக்குள் வரும். கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்று ஆல்பத்தில் நிரந்தரமாகத் தங்கிவிடும். உங்கள் தோல் நிறத்திலேயே போடச் சொல்லுங்கள். ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகம் திட்டுத்திட்டாக வெளுக்கிறதா என்பதைப் பூச்சுக்காரரின் மாதிரி ஒப்பனை நாளிலேயே செல்பேசி ஃபிளாஷில் எடுத்துப் பாருங்கள்.

பளிச்சிடும் ரோஸ், கண்ணைக் குத்தும் கிளிப்பச்சை இரண்டும் தம் நிறத்தைத் தாடைக்கடியில் வீசும். அதையும் தவிர்க்கலாம். ரத்தச் சிவப்பு பிடிக்கும் என்றால் எடுங்கள், நம் வழக்கத்துக்கு அதைவிடப் பொருத்தம் ஏது? ஆனால் கேமராவில் அடர்சிவப்பு ஒரே பூச்சாகத் தெரிந்து மடிப்புகள் மறைவது உண்டு. கொஞ்சம் அரக்கின் பக்கம் சாய்ந்த சிவப்பில் மடிப்பு நன்றாகத் தெரியும்.

எந்த நிறமானாலும் கடை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். கடைக்குள் எரியும் விளக்கில் புடவைக்கும் ஜாக்கெட் துணிக்கும் ஒட்டிப் பிறந்த பொருத்தம் இருக்கும், வெளியே வந்தால் ஒன்று நீலம் கலந்த பச்சை, மற்றது மஞ்சள் கலந்த பச்சை. சாயம் வேறு வேறு என்பதால் ஒளி மாறும்போது நிறமும் மாறுகிறது. தனியாக ஜாக்கெட் துணி எடுக்கிறவர்கள் புடவையையும் கையோடு கொண்டுபோய், பகலில் வாங்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் வாங்கிய துணிகளால் என் கடையில் நடந்த பஞ்சாயத்துகளுக்குக் கணக்கில்லை.

பட்டும் சரிகையும்

அசல் பட்டு என்றால் சில்க் மார்க் சீட்டைக் கேளுங்கள். சரிகையில் தூய சரிகை, ஹாஃப் ஃபைன், டெஸ்டட் என்று வகைகள் உண்டு. விலை வித்தியாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், படத்தில் தெரிவது பளபளப்பு. மலிவான சரிகை ஃபிளாஷ் பட்டவுடன் வெள்ளையாகத் திருப்பி அடிக்கும். நல்ல சரிகை மங்கலான பொன்னாக அடங்கித் தெரியும். வாங்கும் முன் செல்பேசியில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தாலே தெரிந்துவிடும். டிஷ்யூ புடவைகள் உடல் முழுக்கச் சரிகைதான், எனவே இந்தச் சோதனை அதற்குக் கட்டாயம். தவிர, டிஷ்யூ விறைப்பாக நிற்கும், ஒல்லியாக இருப்பவர்களுக்கு அழகு, மற்றவர்களை இன்னும் அகலமாகக் காட்டும்.

வெளிப்புறப் படத்துக்குப் பட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது? திருவொற்றியூர்ப் பக்கம் உள்ள காலடிப்பேட்டையே 1719 இல், ஜோசப் காலெட் சென்னையின் கவர்னராக இருந்தபோது நெசவாளர்களுக்காக அமைந்த ஊர். பருத்தித் துணியால் வளர்ந்த ஊர்ப்பக்கம் இது. கைத்தறிப் பருத்திப் புடவையும் கட்டம் போட்ட சட்டையும் கடலோரத்தில் அவ்வளவு இயல்பாக இருக்கும், வியர்வையும் தாங்கும். கட்டம் பெரியதாக இருக்கட்டும். பொடிக் கட்டமும் நெருக்கமான கோடும் வீடியோவில் நெளிந்து மினுக்கும்.

ஜாக்கெட்

என் தொழில் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேசுவேன்.

ஆரி வேலைக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் முன்கழுத்தில்தான் பணத்தைக் கொட்டச் சொல்கிறார்கள். மேடையில் என்ன நடக்கிறது? கழுத்தட்டிகை, அதற்குக் கீழே ஆரம், அதற்கு மேலே ரோஜா மாலை. முன்கழுத்து வேலைப்பாடு ஒரு படத்திலும் தெரியாது. தெரிவது கை. தட்டை வாங்கும்போது, மோதிரம் போடும்போது, பூ தூவும்போது, எல்லாவற்றிலும் முன்னால் இருப்பது கைதான். அதற்கு அடுத்தது முதுகு, அதுவும் பெரியவர்கள் காலில் விழும்போது. ஆகவே கைக்கு முதல் பங்கு, முதுகுக்கு இரண்டாவது, முன்கழுத்துக்கு ஓரத்தில் ஒரு கம்பி வேலை போதும். முந்தானை படும் இடது தோளில் கல்லும் முத்தும் வேண்டாம், பட்டில் நூல் பிடித்து இழுக்கும்.

கை இறக்கம் முழங்கைக்குச் சற்று மேலே நின்றால் வளையலுக்கும் இடம் கிடைக்கும், மருதாணியும் தெரியும். முழங்கைக்குக் கீழே போனால் இரண்டும் போச்சு.

கை வெட்டும் அக்குளும் இறுக்கமாக இருந்தால் மாலை போடக் கையைத் தூக்கும்போது ஜாக்கெட் முழுதாக மேலே ஏறும். மாப்பிள்ளை உங்களை விட உயரம் என்றால் இன்னும் மோசம். அளவு ஜாக்கெட் கொடுத்துவிட்டுப் போகாமல், நேரில் நின்று, கையைத் தூக்கி அளவு கொடுங்கள். உள்ளே இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் தையல் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். விழா நெருங்க நெருங்க இளைக்கிறவர்களும் உண்டு, விருந்துகளில் பெருக்கிறவர்களும் உண்டு. பின்கழுத்தை ஆழமாக வெட்டி நாடா மட்டும் வைத்துக்கொள்கிறவர்கள், குனிந்தால் தோள் நழுவுகிறதா என்று போட்டுப் பார்க்கும்போதே குனிந்து பார்க்க வேண்டும். மேடையில் குறைந்தது இருபது பேர் காலிலாவது விழுவீர்கள்.

முகூர்த்த மாதங்களில் ஆரி வேலைக்காரர்கள் கையில் வேலை நிரம்பி வழியும். ஒரு மாதமாவது கொடுங்கள். விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் ஜாக்கெட் உங்கள் கையில் இருக்க வேண்டும். முதல்நாள் மாலை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்பவர்களுக்கு நான் தைப்பதில்லை.

மாப்பிள்ளை

பெண்ணின் புடவை உடல் நிறத்திலேயே சட்டை போடும் வழக்கம் எனக்குப் பிடிக்காத ஒன்று. இருவரும் ஒட்டி நின்றால் ஒரே துணிப் பொதியாகத் தெரிவார்கள். கரையின் நிறத்தை எடுங்கள். அரக்கு உடலும் பச்சைக் கரையும் என்றால் அவருக்கு அடர்பச்சைச் சட்டை, அல்லது சந்தன நிறச் சட்டையும் பச்சைக் கரை வேட்டியும். கடை கடையாகச் சாயம் ஒத்துப்போகிறதா என்று அலைய வேண்டாம், சாயல் போதும்.

குளிரூட்டப்படாத மண்டபம் என்றால் கோட் சூட்டைப் பற்றி மறுபடி யோசியுங்கள். சாம்பல், இளநீலச் சட்டைகளில் அக்குள் வியர்வை முதலில் தெரியும். வெள்ளையும் அடர்நிறமும் காப்பாற்றும். வெள்ளை என்றால் உள்ளே பனியன் தெரியும், கையில்லாத பனியனின் வளைவு இன்னும் நன்றாகத் தெரியும். புதுச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போட்டால் மடிப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக விழுந்திருக்கும், ஒருமுறை நீராவியில் தேய்க்க வேண்டும். சட்டைப் பையில் செல்பேசி கூடாது. மேடையில் வெறுங்காலோடு நிற்பதால் கால் நகத்தை வெட்டிக்கொள்வதும் உடையின் ஒரு பகுதிதான், இதை ஆண்பிள்ளைகளுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேட்டி கட்டிப் பழக்கமில்லாதவர்கள் ஒட்டும் வகை வேட்டியையோ, மேலே பெல்ட்டையோ நம்பலாம். அதில் மானக்கேடு எதுவும் இல்லை, அவிழ்ந்தால்தான் மானக்கேடு.

மற்றவர்கள்

எல்லோரும் ஒரே நிறம் கட்டும் வழக்கம் பரவியிருக்கிறது. மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்பது தவிர அதில் பெரிய நன்மை எனக்குத் தெரியவில்லை. பெண்ணின் புடவை நிறத்தை மட்டும் யாரும் கட்டாமல் இருந்தாலே அவள் தனியாகத் தெரிவாள். இரண்டு அம்மாக்களும் முன்கூட்டிப் பேசிக்கொள்ளட்டும். குழந்தைகளுக்குக் குத்தும் துணி வேண்டாம், அழுத முகம்தான் படத்தில் மிஞ்சும்.

எங்கே, எப்போது வாங்குவது

பட்டுக்கும் செமி பட்டுக்கும் எம்.சி. ரோடு போதும். வார நாளில் காலை பதினோரு மணிக்குப் போனால் கடைக்காரர் பொறுமையாக விரித்துக் காட்டுவார். மாலையில் போனால் தோளோடு தோள் இடிபட வேண்டும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு, திருவொற்றியூர்ப் பக்கத்தார் வண்ணாரப்பேட்டை நிலையத்தில் இறங்கி வந்துவிடலாம், வண்டி நிறுத்த இடம் தேட வேண்டியதில்லை. லெஹங்காவும் வேலைப்பாட்டுத் துப்பட்டாவும் சவுகார்பேட்டையில், தங்கசாலைத் தெருவிலும் அதன் கிளைச் சந்துகளிலும். லைனிங், மொத்தமாக ஒரே நிறத் துணி என்றால் கொடவுன் தெரு. மாலையைப் பூக்கடைப் பத்ரியன் தெருவில் சொல்லி வைக்கும்போது, புடவை நிறத்தைக் காட்டிச் சொல்லுங்கள். சிவப்புப் புடவை மேல் சிவப்பு ரோஜா மாலை காணாமல் போகும், வெள்ளைச் சம்பங்கியில் இடையிடையே ரோஜா வைத்தால் பளிச்சென்று தெரியும்.

ஆடியில் நிச்சயம் வைக்க மாட்டார்கள், கடைகளில் தள்ளுபடி இருக்கும். ஆவணியில் விழா வைத்திருப்பவர்கள் ஆடியிலேயே எடுத்துவிடலாம், தையற்காரரும் ஓய்வாக இருப்பார். ஐப்பசி, கார்த்திகையில் வெளிப்புறப் படம் என்று நாள் குறித்தால் மழைக்கு ஒரு மாற்றுநாள் பேசி வையுங்கள். ஒரே ஒருநாள் போடப்போகும் லெஹங்காவையும் கோட்டையும் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். எடுக்கும்போதே கறை, கிழிசல், உதிர்ந்த கல் எல்லாவற்றையும் படம் எடுத்துக் கடைக்காரருக்கே அனுப்பிவிடுங்கள், திருப்பிக் கொடுக்கும்போது வாக்குவாதம் வராது.

ஒத்திகை

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் முழு உடையும் நகையும் செருப்பும் போட்டு வீட்டில் ஓர் அரைமணி நேரம் நடமாடுங்கள். தரையில் உட்காருங்கள், எழுந்திருங்கள், காலில் விழுங்கள், கையைத் தூக்குங்கள், கனமான தட்டு ஒன்றைப் பிடித்து நில்லுங்கள். ஜன்னல் பக்கம் நின்று ஒரு படமும், இரவில் விளக்கடியில் ஒரு படமும் எடுத்துப் புகைப்படக்காரருக்கு அனுப்புங்கள். அனுபவமுள்ளவர் என்றால் உள்பாவாடை நிறம் தெரிகிறது, கொசுவம் குட்டையாக இருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார். கொசுவத்தையும் முந்தானை மடிப்பையும் முதல்நாளே மடித்துத் தேய்த்துக் கொடுப்பவர்கள் இப்போது இருக்கிறார்கள். இரண்டாவது புடவையை அவசர அவசரமாகக் கட்ட வேண்டியிருப்பதால், அதை மட்டுமாவது அப்படி மடித்து வைத்துக்கொண்டால் மேடையில் ஆட்கள் காத்திருக்க வேண்டாம்.

பையில் ஊக்குகள், ஊசி, புடவை நிறத்தில் நூல், ஒரு கத்தரிக்கோல், மாப்பிள்ளைக்கு இன்னொரு சட்டை. வாசனைத் திரவியத்தைப் புடவை கட்டும் முன்பே உடலில் அடித்துக்கொள்ளுங்கள், பட்டில் பட்டால் கறை நிற்கும்.

மறுநாள் பட்டைப் பீரோவில் தள்ளிவிட வேண்டாம். மாலையின் ஈரமும் மகரந்தமும் படிந்த இடங்களைப் பார்த்துக் குறித்து, நிழலில் அரைநாள் காற்றாட விட்டு, கறை இருந்தால் அந்த வாரத்துக்குள் டிரை கிளீனிங் கொடுங்கள். வாடகை லெஹங்காவுக்கு இரண்டாம் நாள் வாடகை ஓட ஆரம்பிக்கும் முன் திருப்பிக் கொடுக்க ஒரு தம்பியையோ அண்ணனையோ இப்போதே பிடித்து வையுங்கள், அன்று எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.